74 கிராம் போட்டால் 90 கிராம் வருமா? மகளின் மோல் கணக்கு ஒத்துப்போகவில்லை

நெல்மணி எழுதியது:

வணக்கம். நான் வேதியியல் படித்தவள் அல்ல. பி.காம். முடித்துவிட்டுப் பதினாறு ஆண்டுகளாக ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மகள் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு, தமிழ்வழி. வேதியியலில் முதல் பாடமே கணக்கீடுகள். முதல் தேர்விலேயே அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கேள்வி இதுதான்: 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எத்தனை கிராம் நீர் கிடைக்கும்?

மகள் எழுதிய விடை: 10 கிராம் ஹைட்ரஜன் என்றால் 5 மோல். 2 மோல் ஹைட்ரஜனுக்கு 2 மோல் நீர், ஆகவே 5 மோலுக்கு 5 மோல் நீர். 5 × 18 = 90 கிராம். இரண்டில் ஹைட்ரஜன்தான் குறைவு, அதனால் அதை வைத்துக் கணக்குப் போட்டேன் என்கிறாள். ஆசிரியர் அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 72 என்று எழுதியிருக்கிறார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

எனக்குச் சமன்பாடு தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். ஆலையில் 100 கிலோ நெல் உள்ளே போனால் அரிசி, குருணை, தவிடு, உமி, காய்ந்துபோன ஈரம் எல்லாம் சேர்த்து 100 கிலோவைக் காட்டியாக வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் முதலாளி என்னைக் கேட்பார். ஒரு கிலோ கூடினால் இன்னும் அதிகமாகக் கேட்பார், ஏனென்றால் கூடுவதற்கு வழியே இல்லை. அந்தப் பழக்கத்தில் 10-ஐயும் 64-ஐயும் கூட்டிப் பார்த்தேன். 74. மகளின் விடையில் 16 கிராம் வானத்திலிருந்து வந்திருக்கிறது. சரி, அது தவறு என்று எனக்கே புரிகிறது. ஆனால் ஆசிரியரின் விடையிலும் 2 கிராமைக் காணவில்லையே? அது எங்கே போனது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மோல் என்றால் என்ன என்று மகளிடம் கேட்டால், கார்பன்-12 ஐசோடோப்பின் 12 கிராமில் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்குச் சமமான துகள்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்றால் மறுபடியும் அதையே ஒப்பிக்கிறாள். வணிகவியல் படித்தவளுக்கும் விளங்கும்படி யாராவது சொல்வீர்களா?


தராசுக்காரர் எழுதியது:

அம்மா, உங்கள் கணக்கர் கண்ணுக்கு முதலில் ஒரு கும்பிடு. 10-ஐயும் 64-ஐயும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று வேதியியல் பட்டம் வாங்கிய பலருக்கே தோன்றாது. எனக்கே தோன்றியதில்லை. நான் 1994-இல் பி.எஸ்.சி. வேதியியல் முடித்தவன். வேலை கிடைக்காமல் அப்பாவின் இரும்புக்கடையில் உட்கார்ந்தேன், இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரியில் மூன்று ஆண்டு பிடிபடாத மோல், கடைக்கு வந்த ஆறாம் மாதம் பிடிபட்டது. அதனால் கடை வழியாகவே சொல்கிறேன்.

எங்கள் கடையில் போல்ட்டும் நட்டும் எண்ணி விற்பதில்லை, நிறுத்து விற்போம். ஆயிரம் நட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் வியாபாரம் நடக்காது. ஒரு நட்டின் எடை தெரிந்தால் போதும், தராசே எண்ணிக்கையைச் சொல்லிவிடும். வேதியியலிலும் நடப்பது இதுவேதான். அணுவைக் கையால் எண்ண முடியாது, எடை போட்டு எண்ண வேண்டும். பாடத்தில் வேதிவினைக்கூறு விகிதம் என்று வாய்க்குள் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்களே, அது முழுக்க இந்த வேலைதான்.

இப்போது ஒரு கேட் செய்கிறவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்டு வேண்டும். போல்ட் ஒன்று 50 கிராம், நட்டு ஒன்று 10 கிராம். அவர் ஒரு கிலோ போல்ட்டும் அரைக் கிலோ நட்டும் வாங்கிப் போகிறார். எத்தனை ஜோடி தேறும்?

எடையைப் பார்த்தால் நட்டுதான் குறைவு. உங்கள் மகள் நட்டை வைத்துக் கணக்குப் போட்டிருப்பாள்: 500 கிராம் என்றால் 50 நட்டு, அதற்கு 25 ஜோடி. ஆனால் 25 போல்ட் எங்கே இருக்கிறது? ஒரு கிலோவுக்கு 20 போல்ட்தானே வரும்? எடை அதிகமாக இருந்த சரக்குதான் முதலில் தீர்கிறது. 20 ஜோடி மாட்டியபின் 10 நட்டு கையில் மிஞ்சும்.

உங்கள் பேரேட்டில் எழுதிப் பாருங்கள். உள்ளே வந்தது 1,500 கிராம். ஒரு ஜோடி 70 கிராம் வீதம் 20 ஜோடி 1,400 கிராம், மிஞ்சிய நட்டு 100 கிராம். ஒத்துப்போகிறது. 25 ஜோடி என்று எழுதினால் 1,750 கிராம் ஆகியிருக்கும். உங்கள் மகளுக்கு 74 கிராம் 90 ஆனதும் இந்த வகையில்தான்.

இனி ஹைட்ரஜனுக்கு வருவோம். நீருக்கான சமன்பாடு சொல்வது: 2 ஹைட்ரஜன் மூலக்கூறும் 1 ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து 2 நீர் மூலக்கூறு ஆகும். இங்கே 2, 1, 2 என்பவை எண்ணிக்கைகள். கிராம் அல்ல. இதை மகளின் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் கல்லூரியில் செய்த தவறுகளில் பாதி இதை மறந்ததால் வந்தவை.

கையில் இருப்பதோ கிராம். அதை எண்ணிக்கையாக மாற்ற வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றின் நிறை ஹைட்ரஜன் மூலக்கூறைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு. ஒன்று போல்ட் என்றால் மற்றது நட்டு. 2 கிராம் ஹைட்ரஜனில் எத்தனை மூலக்கூறு இருக்கிறதோ, 32 கிராம் ஆக்சிஜனிலும் அத்தனைதான். அந்த எண்ணிக்கைக்குத்தான் ஒரு மோல் என்று பெயர். அந்தக் காலத்தில் மர ஸ்குரூவைக் குரோஸ் கணக்கில் விற்போம், ஒரு குரோஸ் என்றால் 144. மோல் என்பது வேதியியல்காரர்களின் குரோஸ். அணு மிகச் சிறியது என்பதால் அவர்களுடைய குரோஸ் மிகப் பெரியது: 6.022 × 10²³.

மகள் ஒப்பிக்கும் கார்பன்-12 விளக்கம் தவறல்ல, பழையது. 2019 மே 20 முதல் மோலின் வரையறை மாறிவிட்டது. இப்போது 6.02214076 × 10²³ என்ற எண்ணையே நேரடியாக நிர்ணயித்துவிட்டார்கள், கார்பனைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. குரோஸ் என்றால் 144 என்று சொல்லிவிட்டுப் போவதைப்போல. இன்னொரு வேடிக்கை: இந்த எண்ணுக்கு அவகாட்ரோ எண் என்று பெயர், ஆனால் அவகாட்ரோ அதைப் பார்த்ததே இல்லை. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் சொன்னார், 1856-இல் இறந்துபோனார். எண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டியவர் பிரான்ஸ் நாட்டின் ழான் பெரன், 1909-இல்.

கணக்குக்கு வருகிறேன். ஹைட்ரஜன் 10 ÷ 2 = 5 மோல். ஆக்சிஜன் 64 ÷ 32 = 2 மோல். 2 மோல் ஆக்சிஜன் தீர வேண்டுமானால் 4 மோல் ஹைட்ரஜன் போதும். கையில் 5 இருக்கிறது. ஆகவே ஆக்சிஜன் முதலில் தீர்கிறது. புத்தகத்தில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பது அதைத்தான். நீர் 4 மோல், ஒரு மோல் 18 கிராம் வீதம் 72 கிராம். மிஞ்சிய ஹைட்ரஜன் 1 மோல், 2 கிராம்.

நீங்கள் தேடிய 2 கிராம் அதுதான். எங்கும் போகவில்லை, ஜோடி கிடைக்காமல் ஹைட்ரஜனாகவே நிற்கிறது. 72 + 2 = 74. ஆசிரியர் அந்த மீதியையும் ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை. முப்பது விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய பாரம், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு பள்ளத்தைக் காட்டிவிட்டு முடிக்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் மகள், “ஓ, கிராமைப் பார்க்கக் கூடாது, மோலைப் பார்க்க வேண்டும், எது குறைந்த மோலோ அதுதான் தீரும்” என்று பிடித்துக்கொள்ளலாம். அதுவும் தவறு. 5 மோல் ஹைட்ரஜனும் 3 மோல் ஆக்சிஜனும் என்று மாற்றிப் பாருங்கள். 5 மோல் ஹைட்ரஜனுக்கு 2.5 மோல் ஆக்சிஜன் போதும், அரை மோல் மிஞ்சும். மோல் கணக்கில் அதிகமாக இருந்தும் ஹைட்ரஜன்தான் முதலில் தீர்கிறது. ஆகவே ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதன் முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்துவிட்டு ஒப்பிட வேண்டும். உங்கள் கணக்கில் 5 ÷ 2 = 2.5, 2 ÷ 1 = 2. சிறியது 2, அது ஆக்சிஜன். மாற்றிய கணக்கில் 2.5-உம் 3-உம். சிறியது 2.5, அது ஹைட்ரஜன்.


வேகக்கணக்கு எழுதியது:

இவ்வளவு கதை எதற்கு? நீட் தேர்வில் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. மோலைக் குணகத்தால் வகு, சிறியதை எடு, நீரின் குணகத்தால் பெருக்கு, 18-ஆல் பெருக்கு. நான்கு வரி. இதை இருபது முறை போட்டுப் பார்த்தால் கை தானாகப் போகும். போல்ட்டையும் நட்டையும் நினைத்துக்கொண்டிருந்தால் பக்கத்து நாற்காலிக்காரன் பத்துக் கேள்வி தாண்டிப் போயிருப்பான்.


தராசுக்காரர் எழுதியது:

தம்பி, உங்கள் நான்கு வரியும் சரி. என் கடைசிப் பத்தியில் இருப்பதும் அதுதான். இருபது முறை போட்டுப் பழகவும் வேண்டும், அதிலும் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்கும் கை தானாகத்தான் போயிருக்கிறது. 10-ஐப் பார்த்ததும் “சிறியதை எடு” என்று போய்விட்டது. வெறும் பழக்கம் அவளை 90-இல் கொண்டுபோய் விட்டது, அம்மாவின் கூட்டல் பிடித்துக்கொண்டது. தேர்வறையில் அந்தக் கூட்டலுக்கு மூன்று விநாடி போதும்.

நெல்மணி அம்மா, ஒரு யோசனை. வீட்டில் ஆப்ப சோடா இருக்குமே? கடையில் ஒரு பாக்கெட் வாங்கினாலும் சரி. பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும். 50 கிராம் நிறுத்து, காய்ந்த இரும்பு வாணலியில் போட்டு, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே அரை மணி நேரம் சூடாக்குங்கள். ஆறியதும் மறுபடி நிறுங்கள். எத்தனை கிராம் இருக்கும் என்பதை மகள் முன்கூட்டியே தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். சமன்பாடு இது: 2 சோடியம் பைகார்பனேட் (ஆப்ப சோடாதான்), சூட்டில் 1 சோடியம் கார்பனேட் + 1 நீர் + 1 கார்பன் டை ஆக்சைடு ஆகும். சோடியம் 23, ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 16. மீதி அவள் வேலை. சூடாக்கியபின் இருப்பது காரத்தன்மை மிகுந்த தூள், ஆப்பத்துக்கு ஆகாது, கண்ணுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


கிணற்றடி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இந்தக் கணக்குகளை நாங்கள் பீசமானம் என்போம். மோல் எங்களுக்கு மூல், வினை எங்களுக்குத் தாக்கம், ஆக்சிஜன் ஒட்சிசன். வேடிக்கை எதுவென்றால், நீங்கள் நிறை என்று எழுதுவது எங்களுக்குத் திணிவு. நாங்கள் நிறை என்று எழுதினால் அது உங்களுடைய எடை. இணையத்தில் தமிழில் தேடிப் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் நன்றாகக் குழம்புகிறார்கள். மகள் எங்கள் பக்கத்துக் குறிப்பு எதையாவது படித்தால் இதைக் கவனத்தில் வைத்திருக்கட்டும். இங்கே உங்கள் புத்தகச் சொற்களிலேயே எழுதுகிறேன்.

தராசுக்கார ஐயா சொன்னதற்கு மேல் ஒரு தவறைக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் என் வகுப்பில் ஐந்தாறு பேராவது செய்வது அது. சமன்பாட்டில் நீருக்கு முன்னால் 2 இருக்கிறதல்லவா? உடனே நீரின் மோலார் நிறையை 2 × 18 = 36 என்று எடுத்துவிடுவார்கள். பிறகு கிடைத்த 4 மோலையும் அதனால் பெருக்கி 144 கிராம் என்பார்கள். ஒரே 2-ஐ இரண்டு தடவை பாவித்தாகிவிட்டது. மோல் விகிதம் எடுக்கும்போதே அந்த 2-இன் வேலை முடிந்துவிட்டது. மோலார் நிறை என்பது ஒரு மோலுக்குரியது, சமன்பாட்டில் எத்தனை எழுதினாலும் நீருக்கு 18தான். இந்தப் பிழையையும் அம்மாவின் கூட்டல் பிடித்துவிடும்: 74 கிராமிலிருந்து 144 கிராம்.

எனக்குப் பிடித்த உதாரணம் சுண்ணாம்பு. இந்தக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் கிடக்கிறது. கிணற்று நீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் சில வாரங்களில் உள்ளே வெள்ளைப் படிவு தட்டிவிடும். அந்தக் கல்லைப்போல் அதுவும் கால்சியம் கார்பனேட்தான். ஆகவே வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் தூங்குவதில்லை.

கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் வரும். எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. கார்பனேட் 100, ஆக்சைடு 56, வாயு 44. அதாவது 100 கிலோ கல்லைச் சூளையில் போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு வரும். 44 கிலோ கண்ணுக்குத் தெரியாமல் போகும். இந்தக் காணாமற்போன எடையைத் தராசில் பிடித்தவர் ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக். 1754-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்விலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். கார்பன் டை ஆக்சைடு என்ற பெயர் அப்போது இல்லை, அதை அவர் நிலைப்படுத்திய காற்று என்ற பொருளில் குறிப்பிட்டார். அவருக்கு அணுவும் தெரியாது, மோலும் தெரியாது. நெல்மணி அம்மா செய்ததைத்தான் செய்தார்: முன்னும் பின்னும் நிறுத்தார், குறைந்ததை விடாமல் தேடினார்.

புத்தகக் கணக்கு இங்கே நின்றுவிடும். சூளைக்காரருக்கு அது போதாது. கல் முழுவதும் கார்பனேட் இல்லை, மண்ணும் மணலும் கலந்திருக்கும். 250 கிலோ கல்லில் 90 சதவீதம்தான் கார்பனேட் என்று வைத்துக்கொள்வோம். கார்பனேட் 225 கிலோ. அதிலிருந்து 225 × 56 ÷ 100 = 126 கிலோ ஆக்சைடு. வெளியேறும் வாயு 99 கிலோ. மீதி 25 கிலோ மண் சூளையிலேயே கிடக்கும். 126 + 99 + 25 = 250. மாணவர்கள் பெரும்பாலும் 250-ஐயே 56-ஆல் பெருக்கி 140 கிலோ என்று எழுதிவிடுவார்கள், மண்ணும் சுண்ணாம்பாகிவிடும்.

இனி நீர் தெளித்து நீற்ற வேண்டும். 56 கிலோ ஆக்சைடுக்கு 18 கிலோ நீர் என்பது விகிதம். 126 கிலோவுக்கு 40.5 கிலோ, ஏறத்தாழ நாற்பதரை லிட்டர். உண்மையில் நீற்றுகிறவர்கள் இதைவிடக் கூடுதலாகவே ஊற்றுவார்கள், ஏனென்றால் அந்தச் சூட்டில் நீர் ஆவியாகிப் பறக்கும். சமன்பாடு சொல்வது குறைந்தபட்சத் தேவையை மட்டும்.

அந்த 99 கிலோ வாயு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கேட்டால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். 99,000 ÷ 44 = 2,250 மோல். ஒரு மோலுக்கு 22.7 லிட்டர் என்றால் 51,000 லிட்டருக்கு மேல். பழைய புத்தகத்தில் 22.4 என்றிருக்கும், இரண்டும் சரிதான். 0 பாகை செல்சியஸில் அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் 22.4, 1 பார் (bar என்ற அழுத்த அலகு) என்றால் 22.7. 1982-இல் நியம அழுத்தத்தை 1 பார் என்று மாற்றினார்கள், பாதிப் புத்தகங்கள் இன்னும் மாறவில்லை. கேள்வித்தாளில் எந்த அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள். சுட்டவுடன் சூளைக்கு மேலே போகிற வாயு இதைவிடப் பல மடங்கு விரிந்துதான் இருக்கும், அந்தச் சூட்டில்.


நெல்மணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை செய்தோம். செய்ததோடு நிற்கவில்லை, கணக்கு மறுபடியும் உதைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆலையில் மாதிரி நெல் நிறுக்கும் சின்னத் தராசு இருக்கிறது, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். எதற்கு என்றார். மகளின் பாடத்துக்கு என்றேன். பத்திரம் என்றார்.

மகள் முதலில் தாளில் போட்டாள். சோடியம் பைகார்பனேட் 84, இரண்டு என்றால் 168. சோடியம் கார்பனேட் 106, நீர் 18, வாயு 44. மூன்றையும் கூட்டி 168 வருகிறதா என்று என்னைப் பார்த்துக்கொண்டே சரிபார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 50 × 106 ÷ 168 = 31.5 கிராம் என்று எழுதி மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

வாணலியில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தூள் கொதிக்கிற கஞ்சியைப்போல் குமிழியிடத் தொடங்கியது. தண்ணீரே ஊற்றாத காய்ந்த மாவு அது! மேலே கண்ணாடித் தட்டைப் பிடித்தால் நீர்த்துளி கோத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் மகள், “நீர் வருகிறது அம்மா, நிஜமாகவே வருகிறது” என்று கத்தினாள். சமன்பாட்டில் எழுதியிருந்ததை அதுவரை அவள் நம்பவில்லை போலிருக்கிறது.

அரை மணி நேரம் கழித்து ஆறவைத்து நிறுத்தால் 33.2 கிராம். 31.5 இல்லை. 1.7 கிராம் கூடுதல். எங்கள் பேரேட்டில் கூடுவதற்கு வழியே இல்லை என்று முன்பே எழுதியிருந்தேன். நாங்கள் எங்கே தவறினோம்?


தராசுக்காரர் எழுதியது:

தவறவில்லை அம்மா, அவசரப்பட்டுவிட்டீர்கள். 50 கிராமில் 18.5 கிராம் ஆவியாகவும் வாயுவாகவும் போயிருக்க வேண்டும், உங்களுக்குப் போனது 16.8. ஏறத்தாழ 91 சதவீதம் முடிந்திருக்கிறது. மீதி ஆப்ப சோடாவாகவே இன்னும் வாணலியில் இருக்கிறது, அதனால்தான் கனம். எடை கூடவில்லை, போக வேண்டியது முழுவதும் போகவில்லை.

எப்போது முடிந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. குமிழி நின்ற பிறகும் அடியில் கொஞ்சம் இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் செய்தது இது: சூடாக்கு, ஆறவை, நிறு. மறுபடி சூடாக்கு, ஆறவை, நிறு. இரண்டு முறை ஒரே எடை காட்டினால் நிறுத்து. ஆலையில் நெல்லின் ஈரத்தை அடுப்பில் காயவைத்துப் பார்ப்பவர்களும் இப்படித்தானே செய்வார்கள்? ஆறியதும் உடனே நிறுங்கள், திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

கணக்கில் வருவது ஒன்று, கையில் கிடைப்பது ஒன்று. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைச் சதவீதமாகச் சொல்வதும் இனி அவளுக்கு வரும். 100 கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி தேறியது என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அதேதான். அந்தப் பகுதியை நீங்களே சொல்லிக்கொடுத்துவிடலாம்.


நெல்மணி எழுதியது:

நேற்று இரவு மறுபடி வாணலியை ஏற்றினோம். இந்த முறை தீயைக் கொஞ்சம் கூட்டி, அடி வரை கிளறினாள். முதல் முறை 31.9. அடுத்த முறை 31.6. அதற்கடுத்த முறையும் 31.6. அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்த தாளை எடுத்து வந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு என் பழைய பேரேடு ஒன்றில் ஒரு பக்கம் கேட்டாள். வரவு: ஆப்ப சோடா 50.0. பற்று: சோடியம் கார்பனேட் 31.5, நீராவி 5.4, கார்பன் டை ஆக்சைடு 13.1. மொத்தம் 50.0. அதற்குக் கீழே இன்னொரு வரி, “தராசில் 31.6, வித்தியாசம் 0.1, அம்மா கேட்பார்” என்று எழுதியிருக்கிறாள்.

தராசைக் காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.